தலைக்கு ஒரு குடம்

எங்கள் தெருவில் தண்ணீரைக் காப்பாற்ற ஒரு கமிட்டி வைத்தார்கள். அதற்கு முன்னால் தெருவில் தண்ணீர் இருந்தது.

நாற்பத்தேழாம் வருஷக் கோடை. மயிலாப்பூர்க் கிணறுகளெல்லாம் வற்றிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவுக்குப் பொதுக்கிணறு ஒன்றுதான். முனையில் கார்ப்பரேஷன் குழாய் உண்டு. ஆனால் குழாய்க்குள்ளே தோல் வளையம் இருக்கிறதாம். தோல் பட்ட ஜலம் மடிக்கு ஆகாதாம். ஆகையால் குழாய் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்க, தெரு முழுக்கக் கிணற்றடியில் நின்று சண்டை போட்டது.

கமிட்டித் தலைவர் கல்யாணராமன் மாமா, கலெக்டர் கச்சேரியில் ரிடையரான சிரஸ்தார். அவர் வீட்டுப் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஜனத்தொகை பெருகுவதைப் பற்றி சபா ஹாலில் அடிக்கடி பிரசங்கம் செய்வார். குப்பத்து ஜனங்கள் பெற்றுத் தள்ளுவதால்தான் தேசம் பட்டினி கிடக்கிறது என்பது அவர் கட்சி. அவருக்குக் குழந்தைகள் எட்டு. அதைக் கேட்கக் கூடாது. அது பகவான் கொடுத்தது.

அவர் போட்ட சட்டம் சுலபமானது. தலைக்கு ஒரு குடம். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டாரும் கிணற்றடிக்கு வந்து நேரில் தலையைக் காட்ட வேண்டும். தில்லுமுல்லு நடக்கக் கூடாது பாருங்கள்.

எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் டிராயிங் மாஸ்டர், வாயில்லாப் பூச்சி. குழந்தை இல்லை. கொல்லையில் கௌரி என்று ஒரு செவலைப் பசு. நான் பெறாத பெண் என்றே சொல்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை. தெருவில் பாதிப் பேருக்குக் காப்பி அவள் பாலில்தான்.

"மாமா, கௌரிக்கும் நாலு குடம் வேணுமே?" என்று கேட்டேன்.

"சட்டம் மனுஷாளுக்கு, சூடாமணி. மாட்டையெல்லாம் தலைன்னு எண்ணிண்டிருந்தா, நாளைக்குக் காக்காயும் வந்து வரிசையில நிக்கும்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவாத்தைப் பாருங்கோ. ரெண்டே பேர். தேசத்துக்கு ஒரு பாரமும் இல்லை. எல்லாரும் இவாளை மாதிரி இருந்துட்டா பஞ்சமே வராது."

தன் பெண்ணின் வளைகாப்புக்குத் தெருவையே அழைத்து என்னை மட்டும் விட்டவரும் இதே மனிதர்தான். இரண்டு குடத்தை இறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைக்கு ஒரு குடம் என்றால் மயிலாப்பூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தலைகளை வரவழைத்தார்கள். அடுத்த ஞாயிறு கிணற்றடி கல்யாண வீடாகிவிட்டது. கும்பகோணத்து அத்தை, திருச்சி ஒன்றுவிட்ட தம்பி, யாருக்கு உறவென்றே தெரியாத ஒரு சித்தப்பா. ஒரு வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவரை நாற்காலியோடு தூக்கிவந்து எண்ணிக்கை முடியும்வரை வெயிலில் வைத்திருந்தார்கள். தலைவர் வீட்டுக்கு மாயவரத்திலிருந்து மைத்துனர் குடும்பமே வந்து இறங்கியது.

வந்த தலைகள் சும்மா இருக்குமா? குளித்தன, துவைத்தன, ரேஷன் அரிசியைத் தின்று தீர்த்தன, வேளை தவறாமல் காப்பி கேட்டன. கிணற்றில் கலங்கல் வந்தது. கமிட்டி கூடி, தலைக்கு அரைக் குடம் என்றது. உடனே இன்னும் கொஞ்சம் தலைகளுக்குத் தந்தி பறந்தது. இத்தனைக்கும் காரணம் குப்பத்து ஜனங்கள்தான் என்று அந்த வாரமும் பிரசங்கம் நடந்தது.

எங்கள் பங்கு ஒரு குடமாயிற்று. நாங்கள் குளிப்பதை விட்டோம். அப்படியும் போதவில்லை. கௌரி காலித் தொட்டியை நக்கும் சத்தம் அடுப்படிவரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் குடத்தை எடுத்துக்கொண்டு முனைக் குழாய்க்குப் போனேன். தொட்டி நிறைய ஊற்றினேன். தலை நிமிராமல் குடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலமே கமிட்டி வந்து வாசலில் நின்றது.

"குழாய் ஜலம் குடிச்ச மாட்டோட பால் ஆசாரமாகுமோ?" என்றார் மாமா. "தோல் பட்ட ஜலமாச்சே!"

"மாமா, கௌரியே தோலுக்குள்ளதான் இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. "இந்தத் தெருக் குழாயைத் தொடறதானா வேற வீடு பாத்துக்கோங்கோ" என்றார். என் கணவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிணறும் இல்லை, குழாயும் இல்லை. என் கண்ணெதிரே அவள் சாவதைவிட எங்கேயாவது பிழைத்திருக்கட்டும் என்று மந்தைவெளிப் பால்காரன் வடிவேலுவிடம் கயிற்றைக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, அழுதுகினே குடுக்கறியே? நம்மாண்ட நல்லாத்தான் இருக்கும், போம்மா" என்று ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் தெருவில் காப்பி இல்லை. இத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் வலித்தன. இரண்டாம் நாள் கமிட்டியே போய் வடிவேலுவை அமர்த்தியது. அவன் மாட்டை வாசலுக்கு ஓட்டிவந்து கறந்து கொடுப்பவன். மறுநாள் விடிந்ததும் ஓட்டிவந்தது கௌரியைத்தான்.

மூன்று நாளிலேயே தேறியிருந்தாள். பாதகத்தி, பாதித் தெருவுக்குக் கறந்து முடித்து மறுபடி எங்கள் வாசலைக் கடக்கும்போது நின்றுவிட்டாள். நான் கழுத்தைச் சொறிந்து கொடுத்தேன். திண்ணையோரம் மாமா பித்தளை டம்ளரும் கையுமாக நின்று அன்றைய முதல் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதிக் கமிட்டி.

"வடிவேலு, தண்ணி எங்கே காட்டறே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன்.

"வேற எங்கம்மா? மந்தவெளில கார்ப்ரேசன் குழா கீதே, அங்கதான். வாய வெச்சா எடுக்கவே மாட்டேங்குது!"

தெரு முழுக்க டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். மாமா காப்பியைப் பார்த்தார். கௌரியைப் பார்த்தார்.

"அது மந்தைவெளிக் குழாயோன்னோ?" என்றார். "நம்ம தெருக் குழாய் இல்லையே." ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டு குடித்தது. வடிவேலு கயிற்றை இழுத்தான். கௌரி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போனாள்.