அழித்த கட்டம்

அன்றைக்கு வீட்டில் இருந்தது மூன்றே பேர். அப்பா நஞ்சப்பன் வாசற்படியில், தெருவைப் பார்த்தபடி. அம்மா தீர்த்தம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முகத்தை அரிசி டிரம் பக்கம் திருப்பிக்கொண்டு. பூவிழி நடுவில், லேப்டாப்போடு. ஒருவர் போன் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஏழெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

அண்ணன் கலைவாணன் பொம்மிடி ஸ்டேஷனில் சேலம் ரயில் ஏறப் போனவன் திரும்பவில்லை. முதல் வருஷம், யாராவது அனுப்பும் கூட்டப் படத்தில் ஒருவர் கைகாட்டினால் போதும், மற்றவருக்கும் அவனாகவே தெரிந்துவிடும். அப்படி நம்பி ஓசூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடி, யார் யார் பிள்ளைகளின் முகத்தையோ பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான், அரூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த பூவிழி, லீவு நாட்களில் உட்கார்ந்து ஒரு வலைப்பக்கம் எழுதினாள். படத்தின் மேல் ஆளுக்கு ஆள் தனித்தனியே கட்டம் போடலாம். எல்லோரும் முடிக்கும்வரை ஒருவர் கட்டம் மற்றவருக்குத் தெரியாது. இரண்டு கட்டமாவது ஒரே ஆள்மேல் விழுந்தால்தான் பஸ் ஏறுவது.

பெங்களூரில் படத்தை வைத்துத் தக்காளிப் பழங்களை எண்ணுவதற்கு ஒருவர் அதைக் கேட்டார். அப்புறம் எக்ஸ்ரே பார்க்கிறவர்கள், ரோட்டுப் பள்ளம் குறிக்கிறவர்கள். இப்போது எந்தெந்த ஊரிலோ நூற்றுக்கணக்கானவர்கள் அதில் கட்டம் போடுகிறார்கள். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல் வைத்தது யார் யோசனை என்று கேட்பார்கள். வீட்டில் வந்த யோசனை என்பாள். அதற்குமேல் சொன்னதில்லை.

இன்றைய படம் கோலார் பக்கத்து ஆதரவற்றோர் இல்லம் ஒன்றிலிருந்து தபாலில் வந்தது. வருஷம் தவறாமல் அவள் எழுதும் கடிதங்களில் ஒன்றுக்குப் பதில். சங்கராந்திக்கு எடுத்தது, முப்பது பேர். கூட ஒரு தாள்: இரண்டாம் வரிசைக் கடைசியில் இருப்பவர் மார்ச் மாதம் இறந்துவிட்டார், பெயரும் ஊரும் சொல்லத் தெரியவில்லை, உங்களவர் என்றால் கையெழுத்திட்டு எழுதுங்கள், அவர் பையை அனுப்புகிறோம்.

படத்தை மட்டும் வலைப்பக்கத்தில் ஏற்றினாள்; தாளை யாருக்கும் காட்டவில்லை. அந்தக் கடைசியில் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அண்ணன்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் தாளைப் படித்துவிட்டுப் பார்த்த கண் அது. அவள் கட்டம் கணக்கில் சேராது. அப்பாவும் அம்மாவும் சொல்ல வேண்டும்.

"இன்னும் எவ்ளோ நேரம்? உங்கம்மாவுக்கு மீசை வெச்சவனெல்லாம் புள்ளதான் பாப்பா" என்றார் அப்பா.

"போன தடவ போலீஸ்காரர் மேல கட்டம் போட்டது யாருங்களாம்?" என்றாள் அம்மா.

அப்பா போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து அம்மா எழுந்தாள். "இதுல நம்ம பையன் இல்ல பாப்பா. பாவம், யார் பெத்ததுங்களோ."

பூவிழி திறந்து பார்த்தாள். இரண்டாம் வரிசைக் கடைசியில் அப்பாவின் கட்டம். அம்மாவுடையது இல்லை. ஒற்றைக் கட்டம், சட்டப்படி எழுத வேண்டியதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்ததை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர்கள் கேட்டதால், அழித்த கட்டங்களும் சேமிப்பில் இருக்கும்படி அவள்தான் எழுதியிருந்தாள். பழக்கத்தில் அதையும் தட்டினாள். அதே ஆள். அப்பா முகத்தோடு நிறுத்தியிருந்தார். அம்மாவின் கட்டம் கால்விரல் வரைக்கும் அவனை உள்ளே வைத்திருந்தது. போட்டு, பதினோரு நிமிஷம் அப்படியே விட்டு, அழித்திருக்கிறாள்.

"அம்மா."

அம்மா திரும்பவில்லை. "மத்தவங்கல்லாம் போன்லதான அனுப்புவாங்க. இதுக்கு மட்டும் எதுக்குக் கவர் வந்துச்சு?"

பூவிழி தாளை எடுத்து வாசித்தாள். வாசற்படியில் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. தெருவில் யாரோ அவரிடம் என்னவோ கேட்டுவிட்டு, பதில் வராமல் போனார்கள்.

பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். தேதி, அனுப்புநர், பெறுநர். ஐயா, அவர் எங்களவர். பெயர் கலைவாணன்.

"துணிமணியத் தொவைக்காம அனுப்பச் சொல்லி எழுது" என்றாள் அம்மா.

அதையும் எழுதினாள். அப்பா வந்து கையெழுத்திட்டுவிட்டு மறுபடியும் படிக்கே போனார். பழைய கவர், பசை காய்ந்து போயிருந்தது. அம்மா உள்ளே போய் உள்ளங்கையில் நாலு சோற்றுப் பருக்கையோடு வந்தாள். ஒவ்வொன்றாக வைத்து, கட்டைவிரலால் நசுக்கி, ஓரம் முழுக்கத் தேய்த்து அவளே ஒட்டினாள். சரியாக ஒட்டிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டியில் கவர் விழும் சத்தம் கேட்டது. பூவிழி கையை வெளியே எடுத்தாள். விரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.