நான் பிளாக் பண்ணிய மெசேஜ்

சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் எங்கள் ரூமில் யாருக்கு மெசேஜ் வந்தாலும் முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். நானாக எடுத்துக்கொண்ட பதவி அது. போன வருஷம், 'மதிப்பிற்குரிய பாலகுரு அவர்களே, உங்கள் ஏடிஎம் கார்டு முடக்கப்பட்டுள்ளது' என்று அழகான தமிழில் வந்ததை நம்பி ஏமாந்தவன் நான். சூடு கண்ட பூனை. அன்றிலிருந்து ரூமுக்கே சட்டம் போட்டேன். லிங்க் இருந்தால் திருட்டு. நாள் குறித்து அவசரப்படுத்தினால் திருட்டு. தெரியாதவன் கூப்பிட்டு அதை அமுக்கு, இதை அமுக்கு என்றால் பெரிய திருட்டு.

சோலைமுத்து அண்ணன் வெல்டர், அறந்தாங்கிக்காரர். எங்கள் கம்பெனியின் கான்ட்ராக்ட் அந்த மாசக் கடைசியோடு முடிகிறது. வேறு வேலை கிடைக்காதவர்களுக்கு எக்சிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணன் இன்னொரு கம்பெனியில் டெஸ்ட் கொடுத்து பாஸாகியிருந்தார். விசாவைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளும் டிரான்ஸ்பர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மகள் பானுப்பிரியா நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போச்சு. அண்ணன் ஏதோ கடுதாசி வரப்போகிற மாதிரி தினமும் கேம்ப் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

ஒரு வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்து போனை நீட்டினார். முழுக்க அரபி. நடுவில் பத்து என்ற எண், கடைசியில் லிங்க்.

"திருட்டுண்ணே," என்றேன். நானே வாங்கி பிளாக் பண்ணினேன்.

நாலு நாள் கழித்து ஒருத்தன் அண்ணனுக்குப் போன் பண்ணி, இந்தியில், "அக்செப்ட் கியா?", ஒத்துக்கிட்டாச்சா, என்றான். எனக்கு வந்ததே கோபம். போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த இந்தியில் பாதியும் தெரியாத இந்தியில் மீதியுமாகக் கிழித்துவிட்டு அந்த நம்பரையும் பிளாக் பண்ணினேன். ரூமே சிரித்தது.

பதினோராம் நாள் அண்ணன் லீவு போட்டுப் புதுக் கம்பெனிக்கு நேரில் போனார். திரும்பி வந்து பெட்டில் உட்கார்ந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"டிரான்ஸ்பர் அனுப்பிட்டாங்களாம் தம்பி. பத்து நாளைக்குள்ள ஒத்துக்கணுமாம். நான் ஒத்துக்கலைன்னு அது தானா ரத்தாயிருச்சாம். போன் பண்ணுனா உங்க ஆளு கண்டபடி திட்டுறாருன்னு அந்தக் கிளார்க் சொல்றாரு."

பக்கத்து ரூமில் கலீலுர் ரஹ்மான் பாய் இருக்கிறார், ஆபீஸ் டிரைவர், அரபி வாசிப்பார். ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். பிளாக் பண்ணியதைத் தேடி எடுத்துப் படித்தார்.

"இது நெசமான மெசேஜ்தான். நீ எத வச்சு திருட்டுன்னு சொன்ன?"

"லிங்க் இருக்கு பாய். பத்து நாள்னு அவசரப்படுத்துறான். எல்லாம் திருட்டுக்கு உண்டான அடையாளம்தானே?"

"லிங்க்க அமுக்க வேணாம். சரி. கவர்ன்மெண்டு ஆப்பத் தொறந்து அங்க வந்திருக்கான்னு பாத்திருக்கலாம்ல?"

திருடன் பேர் சொல்லி, மரியாதை கொடுத்து, தமிழில் எழுதுகிறான். நிஜம் யாருக்கும் புரியாத எழுத்தில் வருகிறது. இதில் நான் எதைக் கண்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பாய் அந்தக் கிளார்க்கிடம் பேசிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மறுநாள் மத்தியானம் இன்னொரு தடவை அனுப்பினார்கள். எக்சிட் லிஸ்ட் அன்று சாயங்காலம் போகிறது. பாய் டூட்டியில். ரூமில் நானும் அண்ணனும் மட்டும்.

ஆப்பைத் திறந்தோம். டிரான்ஸ்பர் வந்திருந்தது. ஒத்துக்கொள் என்று அமுக்கினால், போனுக்கு வரும் நம்பரைப் போடு என்றது. நம்பர் வரவில்லை. மறுபடியும் அமுக்கினோம். வரவில்லை.

"என்ன தம்பி இது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அனுப்புகிறவனையே அல்லவா நான் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். அண்ணன் போனில் பிளாக் லிஸ்டைத் திறந்தால் அறுபது பேர் இருக்கிறார்கள், பாதி அரபியில். எவன் அரசாங்கம், எவன் திருடன்? ஒவ்வொன்றாக அத்தனை பேரையும் திறந்துவிட்டேன். வருகிற திருடன் வரட்டும்.

மூன்றாம் தடவை அமுக்கியதும் போனில் மெசேஜ் மணி அடித்தது.

"காட்டுங்கண்ணே, நான் போடுறேன்," என்று கையை நீட்டினேன்.

அண்ணன் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை.

"வேணாம் தம்பி. நானே போட்டுக்கிறேன்."

சுவர்ப்பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லாமல் அமுக்கினார். பச்சை டிக் வந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நான், நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அழுதேன்.