கண்ணால் கண்டதற்கும் ‘ரிப்போர்ட்டட்லி’

1

இந்தக் கதை எனக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்தில், சாப்பாட்டு வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற நவரத்தினம் திரும்பி, “தம்பி, ரோல்ஸ் முடிஞ்சுதெண்டு சொல்லப்படுகுது” என்றார். காலித் தட்டத்தை அவரேதான் பிடித்திருந்தார்.

போர் முடிந்த ஆண்டுகளில் அவர் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கில வார இதழின் செய்தியாளர். அவர்கள் அலுவலகத்தில் ‘ரிப்போர்ட்டட்லி’, அதாவது ‘கூறப்படுகிறது’, இல்லாமல் ஒரு செய்தியும் அச்சுக்குப் போகாது. கண்ணால் கண்டதையும் யாரோ சொன்னதாகவே எழுதுவார்கள். கண்டவன் யாரென்று தேடி வருவார்களே.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘போருக்குப் பிந்தைய இதழியலின் சொல்லாடல் வெளியில் மௌனத்தின் அரசியலானது—’

(வெட்டிவிட்டேன். முடித்திருந்தால் எங்கள் இலக்கிய வட்டத்தில் முன்வரிசை கிடைத்திருக்கும். நாங்கள் ஒன்பது பேர். இருப்பதே ஒரு வரிசைதான்.)

இரண்டாவது: ‘நவரத்தினம் ஒரு கோழை.’

(இதையும் வெட்டினேன். இதே நகரின் ஆல்பனியில் மென்பொருள் வேலை பார்க்கும் நான், விசா கைக்கு வரும்வரை மேலாளரின் மொக்கை ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்தவன்.)

3

ஹென்டர்சனுக்குப் பக்கத்தில் மாசி என்ற பகுதியில் இருக்கும் லோஜனாவின் கணவர் யசீகரன், அதே இதழின் புகைப்படக்காரர். 2010இல் அலுவலக வாசலில் வைத்து அவரை வேனில் ஏற்றிப் போனார்கள். பதினான்கு ஆண்டுகள் தேடி மனு எழுதிய லோஜனா, மிரட்டல் தாங்காமல் இங்கே வந்தார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு வெள்ளிக்கிழமை. கையிலிருக்கும் ஒரே சான்று, நவரத்தினம் அன்று எழுதிய செய்தி.

லோஜனாவை நவரத்தினம் வீட்டுக்குக் காரில் கூட்டிப்போனது நான்.

“அண்ணை, பேப்பரே உறுதியாச் சொல்லேல்லையெண்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டினம். கேள்விப்பட்டதெண்டுதான் கிடக்காம்.”

“ஓம், அப்பிடித்தானே அப்ப எழுதினனாங்கள்.”

“நீங்கள் வாசல்ல நிண்டனீங்கள்தானே?”

“நிண்டனான் தங்கச்சி. அவன்ர ஒரு செருப்பு என்ர காலடியில கிடந்தது.”

“அப்ப அதை எழுதித் தாங்கோவன். உங்கட பேரைப் போட்டு.”

“என்ர தம்பி இன்னும் ஊரில, கோண்டாவில்லதான் இருக்கிறான். போன கிழமையும் ஆரோ வந்து என்னை விசாரிச்சவையாம்.”

“தெரியும் அண்ணை. தெரிஞ்சுதான் கேக்கிறன்.”

(இந்த இடத்தில் நவரத்தினத்துக்கு ஒரு பக்கத்துக்கு உரை எழுதி வைத்திருந்தேன். அவரோ எழுந்துபோய்த் தேநீர் போட்டார்.)

பிறகு என் மடிக்கணினியைக் காட்டினார். “அடியும் தம்பி. யசீகரனை நாலு பேர் ஏற்றிச் சென்றதாகக் கூறப்ப— இல்லை, அழியும். ஏற்றிச் சென்றதை நான் கண்டேன்.”

அடித்தேன்.

“பொறும். அதை அழியும்.”

அழித்தேன். நான்காவது தடவை லோஜனா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழியாதேங்கோ. அண்ணை ஒருக்கா வாசிக்கட்டும்.”

நவரத்தினம் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கிலேயே இருந்தது.

4

முடிவு அ: கையெழுத்திடுகிறார். வெளியே மழை. (குறியீடு அல்ல. ஆக்லாந்தில் எப்போதும் மழைதான்.)

முடிவு ஆ: ‘மன்னியும் தங்கச்சி’ என்கிறார். லோஜனா தேநீரை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுகிறார்.

இரண்டில் ஒன்று நடந்தது. நான் அங்கே இருந்தேன், பார்த்தேன். எதுவென்று எழுத மாட்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன், கோண்டாவிலும் வேறோர் ஊர்தான். ஆனாலும் அந்தத் தம்பியின் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும்.

உங்களுக்குப் பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். சரியா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.