நெருப்புக்குள் போன பாதம்

ஈரமண் எதையும் மறுக்காது, பிள்ளைகளா. பல்லேகலையில் பளீல் நானாவின் டைல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைக் கண்டு வாயடைத்து நின்றவள் நான். பழைய சட்டையிலிருந்து பிய்த்த லேஸை மண் தகட்டின்மேல் விரித்து உருளையை ஓட்டினால், லேஸின் ஒவ்வொரு கண்ணும் அதில் இறங்கியிருக்கும். தேயிலைக் கொழுந்தை வைத்தால் நரம்பு நரம்பாக வாங்கிக்கொள்ளும். தேய்ந்த செருப்பின் ரப்பரில் பூவும் கொடியும் வெட்டி, அதையே அச்சாக்கிக் குத்துவோம். குழிந்த இடங்களில் போத்தல் கண்ணாடித் தூளை இடுவோம். சூளைக்குப் போகும்போது எல்லாம் வெளிறிப்போய், பார்க்கவே சகிக்காது. வெளியே வரும்போதோ நீலம் நீலமாய்ச் சிரிக்கும், கண்ணாடித் தூள் சின்னச் சின்னக் குளங்களாய் உறைந்து கிடக்கும். எத்தனை தடவை பார்த்தால் என்ன, கதவு திறக்கும்போது என் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும்.

அந்தச் சூளையை நாங்கள் போறணை என்போம். பேக்கரியில் பாண் சுடுகிற போறணை இல்லை. காஸில் எரிகிற, ஆள் உயரப் பெட்டி. அதை அடுக்குகிறவள் வடிவம்மா. அம்பிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், என்னைவிட மூத்தவள். கதவைச் சாத்துமுன் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து, பக்கத்துச் செங்கல்லில் மூன்று கோடு இழுக்காமல் அவள் ஒருநாளும் காஸைத் திறந்ததில்லை. மாட்டுச் சாணத்தை எரித்து அவளே செய்த திருநீறு. பளீல் நானா அதைக் கண்டுகொள்ள மாட்டார். “கல்லுக்குத்தானே பூசுறா, பூசட்டும். கல்லு எங்கிட்ட வந்து முறைப்பாடு சொல்லல்லையே,” என்பார்.

அச்சு மேசையில் எனக்கு எதிரே இருந்தவள் திகனையைச் சேர்ந்த றிஸானா. பிள்ளைப்பேற்றுக்காக வீட்டில் நின்றவள் ஒருநாள் பட்டறைக்கு டெலிபோன் எடுத்தாள்.

“புஷ்பம் அக்கா, ஒரு ஈரத் தகடு கொண்டு வாங்க. இண்டைக்கே வேணும். நாளைக்கெண்டா சரிவராது.”

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை, அவள் வெளியே வர முடியாது. அதனால் மண் அவளிடம் போனது. பலகைத் துண்டில் தகட்டை வைத்து, ஈரச் சீலையால் மூடி, மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் குந்தினேன். கண்டக்டர் பொடியன் எட்டிப் பார்த்து, கேக்கா அக்கே என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம், திருப்பத்தில் மெதுவாகப் போகச் சொல், ஐசிங் கலைந்துவிடும் என்றேன். திகனை வரும்வரை அவன் அந்தக் கேக்குக்குக் காவல் நின்றான்.

பிள்ளையின் பெயர் பஸீஹா. ரோஜா நிறத்தில் உறங்கிக்கொண்டிருந்தாள். றிஸானா போர்வையை விலக்கினாள். வலது பாதம் கணுக்காலில் உள்நோக்கித் திரும்பியிருந்தது. உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு ஆஸ்பத்திரியில முதல் பிளாஸ்டர் போடுறாங்க. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி நேராக்குவாங்களாம். நடப்பாவாம், ஓடுவாவாம். அல்ஹம்துலில்லாஹ்.” அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். “ஆனா அக்கா, எனக்குக் கிடைச்சது இந்தக் கால்தானே. நாளைக்குப் பொறகு இது இந்த உலகத்திலேயே இரிக்காது. நான் வச்சிருக்கணும்.”

அறை மூலையிலிருந்து அவளுடைய உம்மா, “பச்சப்புள்ளட கால மண்ணில வைக்கிறதா? இவளுக்கு அச்சுக் குத்திக் குத்தித் தலையும் அச்சாப் போச்சு,” என்றார். சொல்லிக்கொண்டே அவரே வந்து தகட்டைப் பிடித்துக்கொண்டார்.

றிஸானா அந்தப் பாதத்தை மண்ணில் வைத்து, தன் பெருவிரலால் மெல்ல அமர்த்தினாள். எடுத்தாள். நாங்கள் மூவரும் குனிந்தோம். பாதத்தின் வெளி ஓரம் மட்டும் பதிந்து, வளைந்து கிடந்தது. தலைப்பிறை போல. அதன் நுனியில் கடுகளவான விரல்கள். பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டிய தோல் வரிகள்கூட மண்ணில் தெரிந்தன. இந்தப் பூமியில் இன்னும் ஒரு அடி வைக்காத கால் அது. அதற்குள் பூமி அதைப் படித்துவிட்டது.

“ஒண்ணும் போட வேணாம். பூவும் வேணாம், கண்ணாடியும் வேணாம். வெள்ளை கிளேஸ் மட்டும். கால் மட்டும் இரிக்கட்டும்,” என்றாள்.

அப்படியே செய்தோம். நிழலில் மெதுவாக உலர்ந்தது, முதல் சூட்டில் வெடிக்காமல் தப்பியது. பிறகு நானே கிளேஸ் பூசினேன். கிளேஸ் என்பது பால் மாதிரி ஒரு கரைசல். நெருப்பில் உருகிக் கண்ணாடியாகும். வடிவம்மா அதை மேல்தட்டில் தனியாக வைத்தாள். காஸ் எரியத் தொடங்கி, எட்டிப் பார்க்கும் துவாரத்தில் செம்மை ஏறி மஞ்சளாகும் வேளையில் நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

“புள்ள கால்ல ஒரு கோடு போட்டுத்தான் அனுப்புனேன். பயமில்ல,” என்றாள் வடிவம்மா, சும்மா சொல்வது போல.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “என்ன கோடு?”

“திருநீறுதான். காலுக்கு மேல, மூணு விரலால. வேறென்ன கோடு போடுவேன்?”

“ஐயோ வடிவக்கா! அது றிஸானா புள்ளையோட டைல்! அவங்க வீட்டுல மாட்டப் போறாங்க!”

“அட, நெருப்புல எரிஞ்சு போயிருமே.”

“எரிஞ்சதுதானே சாம்பல். அது இன்னும் எங்க எரியப் போகுது?”

வடிவம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். குங்குமம் எரியும், மஞ்சள் எரியும், பூ எரியும். எல்லாவற்றையும் நெருப்புக்குக் கொடுத்துப் பழகிய அவளுக்கு, நெருப்புக்குப் பிறகு மிஞ்சுவதுதான் திருநீறு என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

பளீல் நானாவிடம் ஓடினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “சாம்பல் எரியாது, உருகும். கிளேஸோட கிளேஸாச் சேர்ந்திடும். என்ன நிறம் வரும், கோடு கோடாவே நிக்குமா, ஒண்ணும் சொல்லேலாது.”

“திறந்து எடுத்திடுவோமா, நானா?”

“இப்ப குளிர் காத்துப் பட்டா அந்தக் கால் நூறு துண்டாகும். அது தானா ஆறணும்.”

இன்னொன்று செய்யலாம் என்றால், அந்தக் கால் இப்போது இல்லை. பிளாஸ்டருக்குள் பாதி வழி திரும்பிவிட்டது. உலகத்தில் அது மிச்சமிருந்தது அந்தப் பெட்டிக்குள், மஞ்சள் நெருப்பின் நடுவே மட்டும்தான்.

போறணை ஆறிய அன்று காலையில் றிஸானாவே வந்து நின்றாள். நாற்பது கழிந்திருந்தது. தோளில் பஸீஹா, வலது கால் முழங்காலுக்கு மேலேவரை வெள்ளைப் பிளாஸ்டர்.

“திறக்கல்லையே? நல்லவேளை. நானும் பார்க்கணும்.”

நான் வாயைத் திறக்குமுன் வடிவம்மா முன்னால் போய் நின்றாள். கைகளை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“றிஸானாம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நாந்தான் செஞ்சேன், புஷ்பத்துக்குத் தெரியாது. ஒம்புள்ள டைல்ல திருநீறு பூசிட்டேன்.”

றிஸானா விளங்காதவள் போல எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். விளங்கியதும் முகம் வெளுத்தது. “கால் மட்டும் போதும் எண்டு சொன்னேனே, வடிவக்கா. என்னத்துக்குப் பூசினீங்க?”

“பச்சப் புள்ள காலு. அந்த நெருப்புக்குள்ள தனியாப் போகுதே, அதான்.”

பளீல் நானா கதவின் தாழைத் தட்டி விலக்கினார். இளஞ்சூடு முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டுகளில் எங்கள் வழக்கமான பூக்களும் கொடிகளும் பளபளத்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. அவர் துணியைக் கையில் சுற்றி, மேல்தட்டிலிருந்து அந்த டைலை எடுத்து மேசையில் வைத்தார்.

கோடுகள் இல்லை.

மேல்தட்டு கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். சாம்பல் உருகி, கிளேஸையும் இழுத்துக்கொண்டு, சரிவில் இறங்கி, பாதத்துக்குள் போய்த் தேங்கியிருந்தது. வெள்ளைத் தரையில் அந்தப் பிறை மட்டும் நீலம். எங்கள் அலுமாரியில் இருந்த எந்தச் சாயமும் அந்த நீலம் இல்லை. பால் கலந்த நீலம். உள்ளே புகை அலைவது போல ஆழமான நீலம். விடியுமுன் மகாவலி ஆற்றின்மேல் நிற்கும் அந்தப் பனி. அதற்கு அடியில், தண்ணீருக்குள் பார்ப்பது போல, ஒவ்வொரு விரலும், ஒவ்வொரு தோல் வரியும் துலக்கமாகக் கிடந்தன. திரும்பிய பாதத்தின் மடிப்புக்கூடத் தப்பவில்லை. பளீல் நானா, “சுப்ஹானல்லாஹ்,” என்றார், மூச்சோடு மூச்சாக. நான் கையைக் கூப்பியிருந்ததை அப்புறம்தான் உணர்ந்தேன். இத்தனை காலம் நிறங்களோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அன்று புதிதாகக் கண் திறந்தவர்கள் போல நின்றோம்.

றிஸானா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

“கோட்டைக் காணல்லையே,” என்றார் பளீல் நானா மெதுவாக. “வீட்டுல ஒருத்தருக்கும் தெரியவராது.”

“எனக்குத் தெரியும்தானே, நானா.” அவள் சுட்டுவிரலை நீலத்தின்மேல் வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்து, மறுபடி வைத்தாள். “உள்ளுக்குத்தான் இரிக்கி.”

வடிவம்மா தலை குனிந்தாள்.

“இரிக்கட்டும்,” என்றாள் றிஸானா. “உம்மா கேட்டா நானே சொல்றேன். பிள்ளையோட தொணைக்குப் போனதெண்டு சொல்றேன்.” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா வடிவக்கா, அடுத்த பிள்ளைக்குக் கேட்டுப்போட்டுப் பூசுங்க!”

“அடுத்ததா? மொதல்ல இத நடக்க வையி!” என்றாள் வடிவம்மா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிங். இன்னொன்று, டிங். வெளிக்காற்றில் ஆறும் கிளேஸ், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக விரிசல் விடும் சத்தம் அது. மணியை நகத்தால் தட்டுவது போல, அந்த நீலத்துக்குள்ளிருந்து வந்தது. பஸீஹா தாயின் தோளிலிருந்து தலையைத் திருப்பினாள். பிளாஸ்டரின் நுனியில் எட்டிப் பார்த்த ஐந்து விரல்களும் ஒன்றாக விரிந்து மடங்கின.

நாங்கள் விரல்களைப் பார்த்தோம். டைலைப் பார்த்தோம். மறுபடி விரல்களை.

“அதே விரலு,” என்றாள் வடிவம்மா.

டிங், என்றது டைல்.