ஆறாம் நாள் அட்டை

அச்சுக்காவின் முகத்தை மறந்தவர்கள் உண்டு, கையெழுத்தை மறந்தவர்கள் கிடையாது. அச்சில் வார்த்தது போல முத்து முத்தாக இருக்கும். சுகாதார நிலையத்தில் அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்ட பெண்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் அவர். ஆறாம் நாள் ஒரு தடவை, பதினான்காம் நாள் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாள் ஒரு தடவை. குழந்தையின் எடை, தொப்புள், தாய்க்குக் காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எப்படி, பிரஷர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு, ஒரு நகலை நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு வீடு, ஒன்பது வீடு.

எல்லா வீட்டிலும் குழந்தைக்குத்தான் ராஜ மரியாதை. தராசில் வைத்ததும் வீடே எட்டிப் பார்க்கும். பெற்றவள் ஓரமாகக் கட்டிலில் கிடப்பாள், அவளை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அவளைப் பார்க்கத்தான் அச்சுக்காவை அனுப்புகிறார்கள். ஆனால் பிரஷர் பார்க்கிற பட்டைக்கு வயதாகிவிட்டது. பிய்த்துப் பிய்த்து ஒட்டியதில் ஒட்டும் குணமே போய், பாதிக் காற்று அடிப்பதற்குள் படாரென்று பிரிந்துகொள்ளும். ரிப்பன் போட்டுக் கட்டினால்தான் நிற்கும். கட்டி, அளந்து, பிரித்துச் சுருட்டுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். புதுப் பட்டை கேட்டு எழுதிய மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது.

ஒரு நாள் அளக்காமல் எழுதினார். கை கூசியது. இன்னொரு நாளும் எழுதினார். கொஞ்சம் குறைவாகக் கூசியது. அப்புறம் அதற்கென்று ஒரு கைப்பக்குவமே வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே எண் போடக் கூடாது, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். இவளுக்கு 110/70, அவளுக்கு 116/78. பத்துப் பேரில் ஒருத்திக்குக் கொஞ்சம் தூக்கலாக 128/82. இவ்வளவு மெனக்கெடுவதற்கு அளந்தே தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அந்தப் பெண்கள் எல்லாரும் நன்றாக எழுந்து நடமாடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையே தனக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டார் அச்சுக்கா.

தையலம்மாவின் மருமகளுக்கு ஆனது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் டாக்டரம்மா அந்த அட்டையின் நகலைத்தான் கையில் வைத்திருந்தார். மாடி அறை, நீள மேஜை, ஆறு நர்ஸுகள், ஆடுகிற மின்விசிறி. அச்சுக்கா மேஜையின் கடைசியில், ஒரு கால் நொண்டுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆறாம் நாள் பிரஷர் 112/74," டாக்டரம்மா வாசித்தார். "ஒன்பதாம் நாள் வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில எடுக்கும்போது 190/120. நாலு நாள் ஐ.சி.யு. பிழைச்சதே பெரிய விஷயம். இடது கண்ணுல இன்னும் பார்வை சரியா வரலை. மூணு நாளா தலைவலி, கண் மங்கல்னு சொல்லியிருக்கா. வீட்டுல இருக்கிறவங்க கண்டுக்கவே இல்லை."

"அந்த மாமியார் ஒரு மாதிரிதான் டாக்டர்," என்றார் பக்கத்து வார்டு நர்ஸ். "எந்நேரமும் தையல் மெஷினே கதி."

"நம்ம பக்கம் தப்பு இல்லை. அட்டையைப் பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? எல்லாரும் இப்படி எழுதினா எனக்குத் தலைவலியே இல்லை." டாக்டரம்மா அட்டையை உயர்த்திக் காட்டினார். ஐந்து தலைகள் அச்சுக்காவின் பக்கம் திரும்பின. "அறிக்கையையும் நீங்களே எழுதிடுங்க சிஸ்டர். காரணம், குடும்பத்தாரின் கவனக்குறைவு. பதினாலாம் நாள் விசிட்தான் ஆஸ்பத்திரியில இருந்ததால விட்டுப்போச்சு. இப்ப நேர்ல போய்ப் பார்த்துட்டு, அப்படியே வீட்டுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவும் செய்தார். உள்ளேயிருந்து வந்தது "சரி டாக்டர்" என்ற இரண்டே சொல்தான். இருபது வருஷ வேலை, அடுத்த மாதம் வரப்போகிற பதவி உயர்வு, ஐந்து பேரின் பார்வை எல்லாம் சேர்ந்து மற்றதை வெளியே விடவில்லை. காது மடல் தீயாய்ச் சுட்டது. பாராட்டு இப்படிச் சுடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அறிக்கையை எழுதினார். அழகாகத்தான் எழுதினார். கை வேறு எப்படியும் எழுதப் பழகவில்லை.

தையலம்மாவின் வீடு மூன்றாம் மாடி. படி ஏறும்போது ஆறாம் நாள் கூடவே ஏறி வந்தது. அன்று மழை இருட்டிக்கொண்டு நின்றது. இன்னும் நாலு வீடு பாக்கி. குழந்தை மூன்று கிலோ நூறு கிராம், தொப்புள் சுத்தம். கட்டிலில் இருந்த பெண் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது," என்றாள். "கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு." பிரஷர் கருவி பையின் அடியில் கிடந்தது. அதன்மேல் தராசை வைத்தாகிவிட்டது. "சரியா தூங்கியிருக்க மாட்டே, அதான். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு," என்று சொல்லிவிட்டு, தையல் மேஜையில் கத்தரிக்கோலை ஓரமாகத் தள்ளி அட்டையை வைத்து, 112/74 என்று எழுதினார். அரை நிமிட வேலை. மழைக்கு முன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சந்தோஷம்கூட ஞாபகம் இருந்தது. அதை நினைத்ததும் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்தது தையலம்மா. கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். வாய் திறந்தால் தெரு முனை வரை கேட்கும் என்று பேர் வாங்கிய மனுஷி, "வாங்க சிஸ்டர்," என்று கிசுகிசுப்பாகச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜன்னலோரம் மெஷின். தரையில் பள்ளிச் சீருடைச் சட்டைகள் குவியலாகக் கிடந்தன, பாதிக்குப் பட்டன் இல்லை. மெஷினுக்கு மேலே சுவரில் அளவுச் சீட்டுகளை ஓர் ஆணியில் குத்தியிருந்தார்கள். அந்தக் கொத்தில் ஆறாம் நாள் அட்டையும் தொங்கியது.

மருமகள் கட்டிலில் குழந்தைக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசத்தில் தாய்ப்பால் வற்றிவிட்டது. அச்சுக்காவைப் பார்க்க அவள் முகத்தைச் சற்றுத் திருப்ப வேண்டியிருந்தது, வலது கண்ணுக்கு நேராக.

"அறிக்கையில ஒரு கையெழுத்து வேணும்மா," என்றார் அச்சுக்கா. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"எங்க போடணும்?" தையலம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டார்.

"படிச்சுப் பார்த்துட்டு..."

"படிக்க என்ன சிஸ்டர் இருக்கு? எங்க கவனக்குறைவுன்னுதானே எழுதியிருக்கும்? ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க. எம் பையன் பத்து நாளா என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்லை." அவர் சுவரிலிருந்த அட்டையைக் காட்டினார். "மூணு நாளா தலை வலிக்குதுன்னு சொன்னா சிஸ்டர். நான் நம்பலை. இதோ இந்த அட்டையைக் கழட்டி அவ மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன். 'பாரு, சிஸ்டர் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க. உடம்பு வளையலைன்னா வளையலைன்னு சொல்லு, தலைவலின்னு சாக்கு சொல்லாதே'ன்னேன். பட்டன் தைக்க உட்கார வச்சேன். ஊசியில நூல் கோர்க்க முடியலை அவளுக்கு. திரும்பத் திரும்பக் காத்துல குத்திக்கிட்டு இருந்தா. அதையும் நடிப்புன்னு சொன்னேன் சிஸ்டர். சட்டை மடியில இருக்கும்போதேதான் வலிப்பு வந்துச்சு."

அச்சுக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுதிய எண் அட்டையில் சும்மா கிடக்கும் என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அது எழுந்து போய் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கும், அவளை ஊசியும் நூலுமாக உட்கார வைக்கும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதலில் இவளைப் பார்ப்போம் என்று பையைத் திறந்து பிரஷர் கருவியை எடுத்தார். பட்டையைக் கையில் சுற்றி ரிப்பனால் கட்டும்போது, மருமகள் அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அன்னிக்கு நான் தூங்கிட்டேனா?"

"என்னிக்கு?"

"நீங்க மொதல்ல வந்த அன்னிக்கு. இதைக் கட்டின ஞாபகமே எனக்கு இல்லை. 'அவங்க அளக்கலை அத்தை'ன்னு நான் சொன்னேன். 'அளக்காம எப்படி எழுதுவாங்க'ன்னு அத்தை கேட்டாங்க. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஒருவேளை நான் கண் அசந்தப்போ அளந்துட்டீங்களோன்னு... ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் இதையேதான் யோசிச்சேன். மறதி வந்துடுச்சோ, மூளையில ஏதாவது ஆயிடுச்சோன்னு பயமா இருக்குக்கா." அவள் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அச்சுக்காவுக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. மூன்றாம் மாடியில் பூமி எங்கே பிளக்கும்? நின்றுதான் ஆக வேண்டும்.

"நீ தூங்கலைம்மா," என்றார். "உனக்கு மறதியும் இல்லை. நான் அளக்கலை."

மெஷினுக்குப் பக்கத்தில் தையலம்மா மெல்லத் திரும்பினார்.

"அளக்காமலேதான் எழுதினேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நீ தலை வலிக்குதுன்னு என்கிட்டயும் சொன்னே. நான் காதுல வாங்கலை. அன்னிக்கு அளந்திருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பே. உங்க அத்தை உன்னை நம்பாமப் போனது என்னாலதான்."

அச்சுக்கா அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்து, 'குடும்பத்தாரின் கவனக்குறைவு' என்ற வரியை அடித்தார். இருபது வருஷத்தில் அவர் தாளில் விழுந்த முதல் அடித்தல். அதன் கீழே, 'ஆறாம் நாள் தாயின் ரத்த அழுத்தம் அளக்கப்படவில்லை. அளந்ததாக நான் எழுதினேன்,' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். நாளைக் காலை டாக்டரம்மாவின் மேஜைக்கு இது போகும். அப்புறம் வேலை இருக்குமோ இருக்காதோ. அதை நினைத்தபோது வந்த பயம்கூட அந்தக் கட்டிலைப் பார்க்கிற வெட்கத்துக்கு முன்னால் சின்னதாகத்தான் இருந்தது.

தையலம்மா அந்த இரண்டு வரியையும் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் கத்தப் போகிறார் என்று அச்சுக்கா காத்திருந்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் கத்தவில்லை. கட்டிலுக்குப் போய் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ சொன்னே," என்றார். "அளக்கலைன்னு நீ சொன்னே." மருமகள் குழந்தையை மடியில் சரித்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

பிறகு தையலம்மா அச்சுக்காவைப் பார்த்தார். "முப்பது வருஷமா அளவு எடுக்கிறேன் சிஸ்டர். ஒரு ஆளைக் கண்ணால பார்த்தே தோள் எவ்வளவு, கை எவ்வளவுன்னு சொல்லிடுவேன். ஆனாலும் டேப் வைக்காம ஒரு எண்ணும் எழுதினதில்லை. இத்தனைக்கும் நான் தைக்கிறது வெறும் துணி."

மருமகளின் கையில் கட்டியிருந்த ரிப்பனைக் காட்டினார்.

"கட்டினது கட்டினபடி இருக்கே. அளங்க."

அச்சுக்கா காற்றை அடித்தார். பட்டை பிரியாமல் நின்றது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி முள் இறங்குவதைக் கவனித்தார். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் அளந்தார். பிறகு பேனாவை எடுத்து, சுவரிலிருந்த அட்டைக்காகக் கையை நீட்டினார்.

தையலம்மா அதற்குள் அட்டையை ஆணியிலிருந்து கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"நீங்க வாயால சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"நூத்தி முப்பத்தெட்டு," என்றார் அச்சுக்கா. "கீழே எண்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. மாத்திரையை நிறுத்தக் கூடாது. நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும்."

பென்சில் தாளைத் தொடாமல் நின்றது.

"நிஜமா நூத்தி முப்பத்தெட்டுதானா?"

"நிஜமாத்தாம்மா."

தையலம்மா அச்சுக்காவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "இப்ப அளந்தாங்களா?" என்று கேட்டார்.

"அளந்தாங்க அத்தை," என்றாள் அவள்.

அதற்கப்புறம்தான், முத்து முத்தான 112/74-க்குக் கீழே, கோணலும் மாணலுமாக அந்த எண்ணை எழுதினார்.