உறையக் கூடாத ஈயம்

துரத்தி வரும் டார்பிடோவையே ஓடிப் பின்தள்ளும் நீர்மூழ்கிக் கப்பல் என்று மாஸ்கோவில் மார்தட்டிக்கொள்வார்கள். அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் அதன் உலைப் பொறியாளன் ரோடியோன். அந்த நீர்மூழ்கியின் அணு உலையைச் சுற்றி ஓடுவது தண்ணீர் அல்ல, உருகிய ஈயக் கலவை. சூடு இறங்கினால் கல்லாகிவிடும். அப்புறம் கப்பலைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும். அதனால் துறையில் உலையை அணைத்துவிட்டால், கரையிலுள்ள கொதிகலன்களிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்க வேண்டும். மேட்டில் கடற்படைக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பைச் சூடாக்குவதும் அதே கொதிகலன்கள்தான்.

இரண்டு மாதம் கடலுக்கடியில் கிடந்துவிட்டு அன்றுதான் கரையேறியிருந்தார்கள். அந்த இடைவெளியில் ரோடியோனுக்கு மகள் பிறந்திருந்தாள். அவள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. கடலிலிருந்து திரும்புகிறவர்களுக்குத் தளத்தில் விருந்து வைக்கும் வழக்கப்படி முழுப் பன்றிக்குட்டி வறுபட்டு மேசைக்கு வந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று அவன் கத்தியை எடுத்தபோது, தளத்தின் தலைமைப் பொறியாளர் பிளாகோட்டின் உள்ளே வந்தார்.

"ரெண்டு கொதிகலன் படுத்துடுச்சு, ரோடியோன் சவேலியேவிச். மிச்சம் ஒண்ணுதான். குடியிருப்புக் குழாயை மூடிட்டு ஆவி முழுக்க உங்க கப்பலுக்கே திருப்பிடறேன்."

"வெளியில குளிர் கொல்லுது. அங்க பச்சைக் குழந்தைங்க இருக்குங்க!"

"கோட்டு போட்டுக்கட்டும். கப்பல் போனா உங்க தலையும் போகும், என் தலையும் போகும்."

ரோடியோனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வழி ஒன்று இருந்தது. அது அவனுக்கே கசந்தது. உலையை மறுபடி மூட்டினால் கரை ஆவியே வேண்டாம். ஆனால் உலை எரிகிறவரை அதைக் கவனிப்பவர்கள் கப்பலைவிட்டு இறங்க முடியாது.

"ஆவியைக் குடியிருப்புக்கே விடுங்க. நாங்க உலையை மூட்டிக்கறோம்."

"உங்க ஆளுங்க ஒத்துக்கணுமே?"

மேசையில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டர்பைன்காரன் யெஃபீம் எழுந்து, பன்றித் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான்.

"என்ன பாக்கற? இதை இங்கயே விட்டுட்டு வர நான் என்ன சாமியாரா? நட, தின்னுக்கிட்டே மூட்டலாம்."

முணுமுணுக்காதவன் ஒருவனும் இல்லை, பின்வாங்கியவனும் இல்லை. ஈயத்தின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. வெப்பமானியின் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல் ரோடியோன் வேலை வாங்கினான். உலை பிடித்துக்கொண்டபோது சட்டை அவன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி தைசியா, துறையிலிருந்து கப்பலுக்கு இழுத்திருந்த தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சில்லுனு போன குழாய் மறுபடி சுடுது. உன் வேலைதானே?"

"ம்."

"அப்போ இன்னிக்கும் நீ வரமாட்டே."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, அழாதே. உன் மக போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுத் தூங்கறா."