பெயர் வளர்ந்த பூசணி

ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, நீற்றுப்பூசணிப் பிஞ்சு தேங்காய் அளவுக்கு வந்த அன்று, காளியாயி தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அதன் தோலில் ஒரு பெயரைக் கீறினாள். ஐந்தே எழுத்து: பிரதாபன். பிஞ்சு இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டது. அவள் விடவில்லை. ஊக்கைச் சேலையில் துடைத்து மறுபடி சட்டையில் குத்திக்கொண்டு போஞ்சிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறுகிற தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் பாய் விரித்த அளவு மண் அவளுக்கு இருந்தது. அதில் கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் விளைந்தன. ஒரு வருடம் அவள் நட்ட ராபுக் கிழங்கு கீழே இறங்கிக்கொண்டே போய், மூன்று பேர் பிடித்து இழுத்தபோது கீழ் லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு இரண்டு அடி நகர்ந்தது. அந்த வீட்டில் இன்றும் அடுப்பு மூலை தள்ளித்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். ஆனால் நீற்றுப்பூசணி மட்டும் அந்தக் குளிருக்கு வராது. காளியாயி மாலையில் கொடிக்குக் கம்பளி போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்து, கைப்பிள்ளையைப் போல வளர்த்ததால் வந்தது.

போன வருடமும் இப்படித்தான் ஒரு காயை வளர்த்தாள். ஆயுத பூஜையன்று தேயிலை பெக்டரி வாசலில் நீற்றுப்பூசணி உடைப்பது அங்கே வழக்கம். மெஷின் ஒரு தலையைக் கேட்கும், ஆள் தலைக்குப் பதிலாகக் காயைக் கொடுத்துவிடுகிறோம் என்பது ஏற்பாடு. காளியாயியின் புருசன் அங்கே ரோலர் மெஷினில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து அரைத்தவர். அவர் செத்த வருடம் தன் கையாலேயே ஒரு காயை உடைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கோயில் கமிட்டித் தலைவர் பிரதாபனிடம் போய்க் கேட்டாள். தாலி இல்லாத கை அதில் படக்கூடாது என்று அவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

மூன்றாம் நாள் கொடியில் காயைக் காணவில்லை. பூஜையன்று பிரதாபன் உரச்சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்தான், நுவரெலியா மார்க்கெட்டில் வாங்கியதாம். வேலிக் கம்பி கீறிய தழும்பை வைத்துக் காளியாயி அடையாளம் சொன்னாள். அதற்கு அவன், "ஒங்க தோட்டத்துல அட்டைதான் வெளையும் பெரியம்மா" என்றான்.

கூட்டம் சிரித்தது. அவளிடம் போஞ்சி வாங்கித் தின்றவர்களும் சிரித்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள், யார் அடுத்து என்று வரிசை தவறாமல் மனதில் வைத்துக்கொண்டாள். பூசாரி வைரவன் மூன்றாவது ஆள்.

இந்த ஆவணி முழுவதும் அவள் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்குக் கீறல் முதல் வாரம் பச்சையாக இருந்தது. இரண்டாம் வாரம் காய்ந்து பொருக்குத் தட்டியது. காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. புரட்டாசி பிறந்தபோது 'பி' மட்டும் ஒரு விரல் அகலம் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. அந்தப் பனியில் ஒருவர் பீடி பற்றவைக்கப் போய்ப் பக்கத்து ஆளின் மீசையைப் பற்றவைத்தார், இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் ருசி மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். போஞ்சி இலையில் துரு விழுந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறியது. பூசணித் தோலில் வெள்ளைச் சாம்பல் பூத்து எழுத்தை மூடியது. அது போதாதென்று காளியாயி அடுப்புச் சாம்பலையும் அப்பி, எழுத்துப் பக்கத்தை மண்ணைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதே கொடியில் காய்த்த இன்னொரு காயை, ஒருவருக்கும் தெரியாமல் பறித்துக் கட்டிலுக்கு அடியில் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாள்.

பூஜைக்கு மூன்று நாள் இருக்கையில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு, கண் காட்ட ஹட்டனுக்குப் போகிறேன், திரும்பச் சாயந்தர பஸ்தான் என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். பக்கத்துக் காம்பிரா வீட்டு யோகேஸ்வரிதான் கவலைப்பட்டாள்.

"நா வேணா காவலுக்கு நிக்கவா அக்கா?"

"வேணாம். வர்றவனுக்கு வழுக்காம இருக்கப் பாதையில கொஞ்சம் சாம்பல் போட்டுட்டுத்தான் போறேன்."

சாயந்தரம் வந்து பார்த்தாள். காம்பு சுத்தமாக அறுபட்டிருந்தது. ஹட்டனில் வாங்கிய வடையை அன்று அவள் நிதானமாக மென்று தின்றாள்.

பூஜையன்று பெக்டரிக்கு வாழை கட்டியிருந்தார்கள். ரோலருக்குச் சந்தனம் வைத்தாயிற்று. பிரதாபன் வெள்ளை வேட்டியில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றான். நுவரெலியா மார்க்கெட்டில் இந்த வருடம் பூசணிக்குத் தட்டுப்பாடு, பெரிய பாடுபட்டுத்தான் வாங்கினேன் என்று பெக்டரியை நடத்தும் டீமேக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வைரவன் காயைச் சாக்கிலிருந்து எடுத்தார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார், குழைத்த குங்குமத்தை வழக்கம்போல இரண்டு கையாலும் அள்ளிப் பூசினார். வழுவழுப்பான தோலில் குங்குமம் நிற்காமல் வழிந்தது. தழும்பில் மட்டும் நின்றது. சிவப்பாக, கொட்டை எழுத்தில், ஒவ்வொன்றாக வந்தது. பூசாரிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. ஆனால் இதைப் படித்தார்.

"தலைவரே, காயில ஒங்க பேரு இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்க கையாலயே ஒங்கள ஒடைக்கப் போறீங்களா?" என்றும் கேட்டார்.

பிரதாபன் மடித்துவிட்ட கையை இறக்கிவிட்டான். தலைக்குப் பதில் காய் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் எழுதிய காய் யாருடைய தலைக்குப் பதில் என்பதில் குழப்பமே இல்லை. நுவரெலியாவில் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று அவன் உளறினான்.

காளியாயி முன்னால் வந்தாள். "நுவரெலியா வரைக்கும் ஒங்கள அவ்வளவு பேருக்குத் தெரியுமா தம்பி?"

வாட்டப் போட்ட கொழுந்து உள்ளே கிடக்கிறது, நேரம் போகிறது, மெஷினைப் போடவா வேண்டாமா என்று டீமேக்கர் கேட்டார். அவள் அவசரப்படவில்லை.

"இது மார்க்கெட்டுக் காய்னா எனக்கு ஒன்னும் தெரியாது, ஒடைச்சுப் பாத்துக்குங்க. எங்க தோட்டத்துக் காய்னா, பேர் எழுதுனது நான், இந்த ஊக்காலதான். என் காய ஒடைக்கணுமா வேணாமான்னு நாந்தான் சொல்லணும்."

பிரதாபன் காயைப் பார்த்தான். காயும் தன் ஐந்து எழுத்தோடு அவனைப் பார்த்தது.

"ஒங்க தோட்டத்துக் காய்தான்."

"சத்தமா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

சத்தமாகச் சொன்னான். போன வருடத்துக் காய் யாருடையது என்று அவள் நினைவுபடுத்தினாள். அதையும் சொன்னான். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காளியாயி இடத்தைச் சொல்ல, யோகேஸ்வரி ஓடிப்போய்க் கட்டிலடிக் காயைத் தூக்கி வந்தாள். காளியாயி அதில் கற்பூரம் ஏற்றி, ரோலரை மூன்று முறை சுற்றி, தாலி இல்லாத தன் கையாலேயே ஓங்கி அடித்தாள். அதன் விதை ஒன்று மறுநாள் பொகவந்தலாவை பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்ததாக டிரைவர் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இதோடு அவள் மனம் ஆறிவிட்டது என்று ஊர் நினைத்தது. அவள் பிரதாபன் காயை வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் தினமும் போகிற பாதையைப் பார்க்கப் பின்வாசல் திண்டில் வைத்தாள். அவன் போகிற நேரம் பார்த்துக் கல்லில் கத்தி தீட்டினாள்.

அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று இரண்டாம் நாள் வந்து கேட்டான்.

"இன்னும் முடிவு பண்ணல தம்பி. கூட்டு வைக்கலாம்னு பாக்குறேன்."

ஐப்பசி மழை பிடித்தது. காய் நனைந்து அழுகிவிடுமோ என்று பிரதாபன் பொலித்தீன் கொண்டுவந்து கூரை கட்டினான். முள்ளம்பன்றி வரும் என்று வேலி அடைத்தான். வேலி அடைத்தவனிடம் அவள் வாய்க்காலையும் வெட்டச் சொன்னாள், வெட்டினான். 'ன்' பக்கம் காசளவு ஓர் இடம் மெத்தென்று ஆனபோது அவனுக்குக் கணுக்காலில் வலி வந்தது. ஹட்டனுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தான். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். வலிக்கு வேர் எங்கே இருக்கிறது என்று அவனுக்கல்லவா தெரியும்.

கார்த்திகை விளக்கன்று ஊர் முழுக்கப் பாதையில் நடமாடும் நேரத்தில் அவன் நொண்டிக்கொண்டு வந்து, காய்க்கு முன்னால் ஒரு விளக்கை வைத்தான். இன்னும் எத்தனை நாளைக்குப் பெரியம்மா என்று கேட்டான்.

"நல்லாப் பாத்துக்கிட்டா ஒரு வருசம் தாங்கும் தம்பி. வெதைக்கு வச்சிருக்கேன்." சட்டை ஊக்கைத் தடவிக்கொண்டே பாதையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "போன வருசம் சிரிச்சவங்க பேரு இன்னும் ஒம்பது இருக்கு. அடுத்த ஆவணிக்கு நெறையக் காய் வேணும்."

வைரவன் தன் விளக்கை ஏற்றாமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தபோது வாசலில் வரிசையாகக் கூடைகள், எல்லாம் நல்ல மக்கிய மாட்டெரு. காளியாயி எண்ணினாள். பத்து இருந்தன.

மறுபடி எண்ணினாள். போன வருடம் பெக்டரி வாசலில் தன் முதுகுக்குப் பின்னால் யார் நின்றது என்று யோசித்தாள். பக்கத்துக் காம்பிரா யோகேஸ்வரி, அன்று முழுக்கக் கதவைத் திறக்கவே இல்லை.

காளியாயி ஊக்கைக் கழற்றி, கத்தி தீட்டும் கல்லில் அதன் முனையை மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள்.